5 எஸ் போட்டோம், மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. எங்கே பிழை விட்டேன்?

கொட்பே மோட்டர் | திங்கள், இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்ட் மோட்டர் திருத்தும் கராஜ் ஒன்று நடத்துகிறேன். என்னுடன் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். மூத்தவருக்கு 61 வயது, கடைசிப் பெடியனுக்கு 19.

எங்கள் வேலை எப்படி என்றால், காலை ஒன்பது, பத்து மணிக்குக் கரைக்கு வந்தவர் மோட்டரைத் தோளில் சுமந்துகொண்டு நேரே கராஜுக்கு வருவார். பின்னேரம் நான்கு மணிக்குள் கையில் கொடுத்தால்தான் அன்றிரவு கடலுக்குப் போவார். பிந்தினால் அவருக்கும் கூடப் போகிறவருக்கும் ஒரு இரவு உழைப்பு இல்லை. எங்கள் பெடியன்களுக்கு வேலை தெரியும். பிந்துவது தேடுவதால்தான். பத்தாம் நம்பர் ஸ்பானர் எங்கே, போன கிழமை வாங்கிய கார்ப்ரேட்டர் கஸ்கட் எங்கே, இதே பாட்டுத்தான் நாள் முழுக்க.

மாரிக் கடலில் வேலை குறைந்திருந்த நேரம் கொழும்பில் 5 எஸ் என்ற, வேலைத்தலத்தை ஒழுங்காக வைத்திருக்கும் ஜப்பானிய முறை பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். அதில் ஐந்து படி: வகைப்படுத்தல், ஒழுங்குபடுத்தல், சுத்தப்படுத்தல், நியமப்படுத்தல், பழக்கப்படுத்தல். மனதுக்குப் பிடித்துவிட்டது. வந்த சூட்டோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெடியன்கள் இல்லாத நேரம், நானும் மச்சானும் சேர்ந்து முழுக் கராஜையும் புரட்டிப்போட்டோம். லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டி நிறையப் பழைய சாமான் இரும்புக்காரருக்குப் போனது. தரையில் மஞ்சள் கோடு, லாச்சிக்கு லாச்சி பெயர், சுவரில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் உருவம் வரைந்த பலகை. திங்கள் வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஏப்ரல் வரை நன்றாகத்தான் போனது. பிறகு மேற்குக் கரை மீனவர்கள் இங்கே வாடி (கரையில் தங்கும் குடிசை) போட வந்து சீசன் சூடு பிடித்தது. ஜூனில் மஞ்சள் கோட்டுக்கு மேலே மோட்டர்கள் கிடந்தன. 'கஸ்கட்' என்று எழுதிய லாச்சிக்குள் பிளக்கும் கம்பியும். கோபத்தில், எடுத்த இடத்தில் வைக்காதவருக்கு 100 ரூபாய் தண்டம் என்று அறிவித்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையில் கெட்டுப்போனது. ஆளாளுக்கு நல்ல ஸ்பானர்களைத் தன் பைக்குள் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மூத்தவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த முறையே எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்குச் சரிவராதா, அல்லது நான் செய்த விதம் பிழையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சீனன்குடா போர்மன் | திங்கள், இரவு 10.05

தம்பி, 'ஞாயிற்றுக்கிழமை, பெடியன்கள் இல்லாத நேரம்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பிழை.

நான் பெரிய தொழிற்சாலை ஒன்றில் 31 வருடம் இருந்து போர்மனாக ஓய்வு பெற்றவன். ஒரு மனிதன் பத்து வருடமாக நிற்கும் மேசையை அவன் இல்லாதபோது நாங்கள் மாற்றினால், அது எவ்வளவு நல்ல மாற்றமாக இருந்தாலும் அவனுக்கு அது எங்கள் மேசை. காப்பாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. கோடு போட்டவர் நீங்கள், ஆகவே கோட்டைக் காக்க வேண்டியவரும் நீங்கள்.

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகத் தண்டத்தை எடுங்கள். இதுவரை பிடித்த காசையும் திருப்பிக் கொடுங்கள். ஸ்பானர் பைக்குள் போவது களவு என்று நினைக்க வேண்டாம். 'எனக்கு வேண்டிய நேரம் இது இருக்காது' என்ற பயம் அது.

அடுத்தது, டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்தி முறையைக் கட்டியவர்களில் ஒருவரான தயிச்சி ஓனோ மேலாளர்களுக்குப் பழக்கிய ஒரு வழி. தரையில் சோக்கால் ஒரு வட்டம் கீறுவாராம். அதற்குள் ஆளை நிறுத்தி, வேலை நடப்பதைப் பார் என்பாராம். மணிக்கணக்கில். வாயும் திறக்கக் கூடாது, கையும் வைக்கக் கூடாது. நான் அதைச் செய்து பார்த்திருக்கிறேன். முதல் அரை மணி நேரம் ஆட்களின் பிழைதான் கண்ணில் படும். பிறகுதான் இடத்தின் பிழை தெரியத் தொடங்கும். நீங்களும் ஒரு நாள் நின்று பாருங்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புக்காரருக்குக் கொடுத்த சாமானில் அந்த மூத்தவருடையது ஏதாவது இருந்ததா?

கொட்பே மோட்டர் | திங்கள், இரவு 10.31

இருந்தது ஐயா. ஒரு பெரிய பிஸ்கட் டின். பழைய ஆணி, கீ, வாஷர், தேய்ந்த கியர், உடைந்த கார்ப்ரேட்டர் பாகம் என்று எல்லாம் கலந்து கிடந்தது. ஒரு வருடமாகத் தொடாததை எறியச் சொல்லித்தான் பயிற்சியில் சொன்னார்கள். எறிந்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "டின்னை எங்கே வைத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

தாதி அக்கா | செவ்வாய், காலை 6.10

இரவு வேலை முடித்து வந்து வாசித்தேன். தம்பி, சின்ன இடத்துக்குச் சரிவராதா என்று கேட்டீர்கள். நான் வேலை செய்யும் வார்ட் உங்கள் கராஜைவிடப் பெரிதில்லை.

இந்த முறை நம் நாட்டில் வைத்தியசாலைகளுக்குள் வேரூன்றிய கதை தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில், டொக்டர் விமல் கரந்தாகொட பணிப்பாளராக இருந்தபோது 5 எஸ் தொடங்கினார்கள். பெரிய பணமோ புதிய கட்டடமோ வைத்துக்கொண்டு அல்ல. இருக்கும் ஆட்களோடு, இருக்கும் அலுமாரிகளோடு. பிறகு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜய்க்கா அதையே மாதிரியாக எடுத்து ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோனது. ஜப்பானியத் தொழிற்சாலையில் பிறந்த ஒன்று இலங்கை வழியாக ஆபிரிக்காவுக்குப் போயிருக்கிறது. எனக்கு அதில் பெருமை.

எங்கள் வார்டில் நான் உயிராக மதிப்பது அவசர டிரொலி. ஒருவருக்கு மூச்சு நின்றால் நான் லாச்சியைப் பார்க்க மாட்டேன், கைதான் போகும். மேல் லாச்சியில் இடது பக்கம் அட்ரினலின் என்றால் இடது பக்கம்தான், பகலும் இரவும், யார் வேலையில் நின்றாலும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் திறந்து எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். காலாவதித் திகதி கிட்டியது முன்னுக்கு, தூரத்தது பின்னுக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது டிரொலியைப் பற்றி இல்லை. பல வருடத்துக்கு முன் நான் புதிதாக வேலையில் சேர்ந்த காலம், ஒரு இரவு டிரொலியில் ஒரு குழாய் குறைந்திருந்தது. நான் எண்ணியதாகக் கையெழுத்து வைத்திருந்தேன், எண்ணவில்லை. காலையில் வந்த சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இரவு உன்னை எண்ண விடாமல் தடுத்தது என்ன?" என்றுதான் கேட்டார். யார் பிழை என்று கேட்கவில்லை. நான் அழுதேன். ஷிப்ட் மாறும் அதே பத்து நிமிடத்தில்தான் மூன்று புது நோயாளிகள் வந்தார்கள் என்று சொன்னேன். அடுத்த நாளில் இருந்து எண்ணும் நேரத்தை ஷிப்ட் தொடங்கி அரை மணி கழித்து என்று மாற்றினார். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் எண்ணாமல் கையெழுத்து வைத்ததில்லை.

உவர்மலை வாசகன் | செவ்வாய், மதியம் 12.40

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

நான் தொழிற்சங்கத்தில் இருந்தவன். லீன், அதாவது டொயோட்டாவைப் பார்த்து வேலையில் வீணைக் குறைக்கும் முறை, என்ற சொல்லை நான் முதலில் கேட்டது ஆட்குறைப்புக் கூட்டத்தில். வீண் என்று எதையெல்லாம் பட்டியல் போட்டார்கள் என்று பார்த்தால், நடப்பது வீண், காத்திருப்பது வீண், கடைசியில் ஒரு மனிதன் மூச்சு விடும் நேரமும் வீண். தொழிலாளி தானே யோசனை சொன்னான், இந்த வேலைக்கு மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும் என்று. அந்த மூன்றாவது ஆள் வீட்டுக்குப் போனான். பிறகு யார் யோசனை சொல்லுவார்கள்?

நீங்கள் நல்ல மனதோடு செய்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் 'தேடும் நேரம் மிச்சம்' என்றால் அந்த மிச்சம் யாருக்கு? அதை முதலில் அந்த ஆறு பேருக்கும் சொல்லுங்கள்.

கோப்பறைக்காரி | செவ்வாய், பின்னேரம் 5.15

வாசகன் அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரச அலுவலகத்திலும் இன்னொரு வகையில் இதே நோய்தான்.

முன்பு நான் வேலை செய்த ஒரு இடத்தில் விருதுக்கு ஆள் வந்து பார்க்கிறார்கள் என்று ஒரு மாதம் எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டினோம். டெலிபோனுக்கு மேல் 'தொலைபேசி', கதிரைக்குப் பின்னால் 'கதிரை'. புள்ளி கிடைத்தது, சான்றிதழும் கிடைத்தது. குச்சவெளியில் இருந்து பஸ் ஏறிக் காணிப் பத்திரம் கேட்டு வந்த அம்மாவுக்கு மட்டும், அன்றும் 'பைல் காணவில்லை, அடுத்த கிழமை வாங்கோ' என்ற பதில்தான் கிடைத்தது. அவரது முகம் இன்றும் நினைவில் நிற்கிறது.

இப்போது இருக்கும் இடத்தில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒன்றே ஒன்று செய்தோம். முடியாத பைல்கள் மட்டும் ஒரே றாக்கையில், வந்த திகதிப்படி, பழையது இடது ஓரத்தில். அதிகாரி காலையில் அறைக்குப் போகும்போது அந்த இடது ஓரத்து முதல் பைலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார். அவர் யாரையும் ஏசுவதில்லை. அந்தப் பைல் ஏன் நிற்கிறது என்று கேட்பார். அவரால் தீரக்கூடியது என்றால் அங்கேயே கையெழுத்து. பெயர் ஒட்டவே இல்லை.

தாதி அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. எண்ணிக் கையெழுத்து வைப்பதும் ஒருநாள் சடங்காகிவிடாதா? எங்கள் புள்ளித்தாள் அப்படித்தான் ஆனது.

தாதி அக்கா | செவ்வாய், இரவு 8.02

ஆகும் தங்கச்சி. ஆனால் கையெழுத்தை எடுத்துவிட்டால் உயிர் போகும். ஆகவே எடுக்க முடியாது. எங்கள் சிஸ்டர் மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், டிரொலியை வைத்து ஒத்திகை நடத்துவார். அப்போது எண்ணியது உண்மையா பொய்யா என்று எங்களுக்கே தெரிந்துவிடும். புள்ளி இல்லை, பேச்சும் இல்லை.

சீனன்குடா போர்மன் | செவ்வாய், இரவு 9.30

உவர்மலை அண்ணைக்கு என் பதில்.

நீங்கள் கண்டது நடந்ததுதான், நானும் கண்டிருக்கிறேன். ஆனால் இந்த முறை பிறந்த இடத்திலேயே அதே காயம் உண்டு என்பதைப் பலர் சொல்வதில்லை. 1950இல் டொயோட்டா முழுகும் நிலைக்கு வந்தது. வங்கி கழுத்தை நெரித்தது, ஆட்களை நிறுத்தினார்கள், பெரிய வேலைநிறுத்தம் வந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவே பொறுப்பை ஏற்றுப் பதவி விலகினார். அந்தக் காயம் ஆறப் பல வருடம் எடுத்தது. 1962இல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு கூட்டுப் பிரகடனம் செய்தன, ஒருவரையொருவர் நம்பி நடப்போம் என்று. இழுத்தால் முழு வரிசையும் நிற்கும் கயிற்றைத் தொழிலாளியின் கைக்கு எட்டக் கட்டியிருந்தார்கள். வேலை போய்விடும் என்று பயந்தவன் அந்தக் கயிற்றை இழுப்பானா?

அதற்கும் முந்தைய கதை ஒன்று இருக்கிறது. கீச்சிரோவின் தகப்பன் சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாகவே நிற்கும். பழைய தறியில் நூல் அறுந்தது தெரியாமல் துணி பழுதாகிக்கொண்டே போகும், அதனால் தறிக்குத் தறி ஒரு ஆள் கண் வெட்டாமல் நிற்க வேண்டும். பிழை நடந்த இடத்திலேயே, நடந்த கணத்திலேயே தெரிய வேண்டும் என்பதுதான் இந்த முறை முழுவதற்கும் வேர் என்று நான் நினைக்கிறேன். மஞ்சள் கோடும் அதற்காகத்தான்.

ஆகவே கொட்பேத் தம்பி, இதனால் யாருடைய வேலையும் போகாது, மிச்சமாகும் நேரத்தில் வீட்டுக்கு வேளைக்குப் போகலாம் என்று வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அப்படியே நடவுங்கள்.

கிண்ணியா நானா | புதன், காலை 10.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்குத் தச்சுப் பட்டறை. 5 எஸ் என்று பெயர் வைத்துச் செய்யவில்லை, ஆனால் வாசிக்க வாசிக்க எங்கள் வேலைதான் என்று தெரிகிறது.

டின் கதையை வாசித்ததும் மனது கனத்துப் போனது தம்பி. தச்சனிடம் துண்டுப் பலகையை எறியச் சொன்னால் உயிரை எடுக்கச் சொன்ன மாதிரி. என்றைக்காவது உதவும் என்று சேர்த்துச் சேர்த்து ஒரு கட்டத்தில் நடக்க இடம் இல்லை. எங்கள் மேஸ்திரியிடமே கேட்டேன், "எது வரைக்கும் வைக்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று. அவர் இரண்டு நாள் யோசித்து ஒரு சட்டம் சொன்னார். ஒரு முழத்துக்குக் குறைந்தது வைப்பதில்லை, தேக்கு என்றால் ஒரு சாண். குறைந்தது எல்லாம் வெள்ளிக்கிழமை பேக்கரிக்கு விறகாகப் போகும். கையால் அளக்கிற சட்டம் என்றபடியால் சண்டை இல்லை. அவர் சொன்ன சட்டம் என்றபடியால் அவரே பெடியன்களைக் கண்டிக்கிறார்.

உளியும் வாளும் மாட்டும் பலகையில் உருவத்தை வரைந்தது பெடியன்கள்தான். ஒருவன் இடது கைக்காரன், அவனுடைய பலகை மறுபக்கம். நான் வரைந்திருந்தால் அது எனக்குத் தோன்றியிருக்காது. அஸர் தொழுகைக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் தும்புத்தடியோடு நிற்போம், நானும்தான்.

கொட்பே மோட்டர் | வெள்ளி, இரவு 9.45

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளில் நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

செவ்வாய் காலையில் தண்டக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். யாருடைய வேலையும் போகாது, வேலை முடிந்தால் ஐந்து மணிக்கே போகலாம் என்று புதன் காலையில் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதன் அன்று போர்மன் ஐயா சொன்ன மாதிரி ஒரு இடத்தில் நின்றேன். கதவுக்குப் பக்கத்தில், காலை ஒன்பதரையில் இருந்து பதினொன்றரை வரை. வாயைத் திறக்காமல் நிற்பது பெரும்பாடு. கடைசிப் பெடியன் தண்ணீர்ப் பம்பைக் கழற்றினான். இந்த மோட்டர் கடல் தண்ணீரை இழுத்துத்தான் தன்னைக் குளிர்த்தும். இழுப்பது உள்ளே இருக்கும் ரப்பர்ச் சில்லு, நாங்கள் இம்பெல்லர் என்போம். மணலில் தேய்ந்துவிடும். தேய்ந்தால் பின்னால் தண்ணீர் பீச்சாது, மோட்டர் சூடேறி இறுகும். அந்தச் சில்லைத் தண்டோடு பிடித்து வைத்திருப்பது அரைச் சந்திரன் வடிவில் ஒரு சின்னக் கீ. சுண்டுவிரல் நகத்தளவு. பெடியன் சில்லை இழுத்தான், கீ துள்ளி விழுந்தது. தரையில் எண்ணெயும் மணலும். முழங்காலில் இருந்து தேடினான். மூன்று பேர் வேலையை விட்டுவிட்டு வந்து தேடினார்கள். இருபது நிமிடம். வெளியே மோட்டருக்குச் சொந்தக்காரர் நேரத்தைப் பார்த்துப் பார்த்து நிற்கிறார்.

நான் சாதாரணமாக என்றால், "கண் எங்கே இருக்கு?" என்று கத்தியிருப்பேன். அன்று நின்று பார்த்ததில்தான் விளங்கியது. கழற்றும் இடத்தில் கழற்றிய சாமானை வைக்க ஒன்றுமே இல்லை. இருபது லாச்சிக்குப் பெயர் எழுதிய நான், கழற்றும்போது கைக்குக் கீழே ஒரு தட்டு வைக்க நினைக்கவில்லை.

கீ கிடைக்கவே இல்லை. மூத்தவர் எழுந்து வந்தார், பெரியண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தன் சட்டைப்பையில் இருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அதற்குள் இருந்த ஒரு பழைய கீயைப் பெடியனின் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் தேநீரோடு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டின்னை எறிந்தது என் பிழை, உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். அவர் சம்பூர்க்காரர். சண்டைக்காலத்தில் அந்தப் பக்கம் ஒரு உதிரிப்பாகம் கொண்டுபோவதே பெரும்பாடு, ஒரு கியரை நாலு தடவை ஒட்டிப் பாவித்த காலம். 2006இல் உடுத்த துணியோடு வெளிக்கிட்டு, ஊருக்குத் திரும்பப் பத்து வருடம் ஆனது. "போனது ஒன்றும் திரும்பி வராது தம்பி, அதனால்தான் சேர்த்தனான்" என்றார். 2022 நினைவிருக்கா என்று கேட்டார். எப்படி மறக்கும்? டொலர் இல்லை, சாமான் இறக்குமதி இல்லை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. அந்த மாதங்களில் கராஜ் மூடாமல் இருந்ததே அந்த டின்னால்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஒரு வருடம் தொடாதது என்று கணக்குப் போட்டு எறிந்திருக்கிறேன்.

இதற்கு மேல் அன்று எனக்குப் பேச வரவில்லை.

சீனன்குடா போர்மன் | வெள்ளி, இரவு 10.50

தம்பி, அந்தப் பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

'எறி' என்று சொல்லிக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கையிருப்பே வைக்காதே என்பது டொயோட்டாவின் சட்டம் அல்ல. 2011 நிலநடுக்கத்தில் பாகம் கிடைக்காமல் வரிசைகள் நின்ற பிறகு, கிடைக்க நாளெடுக்கும் மின்னணுச் சிப்புகளைப் பல மாதத்துக்குப் போதுமான அளவு வழங்குநர்கள் வைத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது அதே டொயோட்டா. 2021இல் மற்றக் கார்க்காரர்கள் சிப் இல்லாமல் திணறியபோது அது கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது அதனால்தான். எது வராமல் போகும் என்று தெரிந்தவர்தான் எதை வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். உங்கள் கராஜில் அது தெரிந்தவர் யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

நிலாவெளி குசினி | சனி, காலை 7.30

ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறேன். அண்ணை, தட்டு விசயத்தில் ஒன்று. எங்களிடம் ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு வெள்ளைத் தட்டு, அந்த ஓடர் முடியும் வரை அதற்குரிய எல்லாம் அதிலேயே இருக்கும். மோட்டருக்கு ஒரு தட்டு என்று வையுங்கள். வெள்ளை நிறமாக இருக்கட்டும், சின்னச் சாமான் உடனே கண்ணில் படும். தட்டோடு சொந்தக்காரரின் பெயரும் கேட்ட நேரமும் எழுதிய டேப் ஒரு துண்டு. இதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை, காலைச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

உவர்மலை வாசகன் | சனி, பகல் 11.05

தம்பி, நீங்கள் பெரியவரிடம் பிழையை ஒப்புக்கொண்டதை வாசித்தேன். என் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை, ஏனென்றால் எல்லா முதலாளியும் உங்களைப் போல் இல்லை. ஆனால் உங்கள் கராஜைப் பொறுத்தவரை எனக்கு இப்போது பயம் இல்லை. ஐந்து மணிக்குப் போகலாம் என்று சொன்னீர்களே, சீசன் உச்சத்திலும் அதைக் காப்பாற்ற முடிந்ததா என்று பிறகு வந்து எழுதுங்கள்.

கொட்பே மோட்டர் | இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு, இரவு 8.40

வாசகன் அண்ணை எழுதச் சொன்னபடி வந்திருக்கிறேன்.

பழைய இரும்புக்காரரிடம் ஓடினேன். டின் போய்விட்டது, கிடைக்கவில்லை. பெரியண்ணை தன் வீட்டில் இருந்து இன்னொரு பை கொண்டுவந்தார். மூன்று பின்னேரம் கடை மூடிய பிறகு எல்லோரும் சுற்றி இருக்க, அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இது எந்த மோட்டருக்கு, எங்கே தேயும், வேறு எதற்குப் பொருந்தும் என்று சொன்னார். கடைசிப் பெடியன் கொப்பியில் எழுதினான். அரைவாசியை அவரே ஒதுக்கினார். மிச்சம் கண்ணாடிப் போத்தல்களில் வெளியே தெரிகிற மாதிரி, அவர் மேசைக்கு மேலே. சட்டத்தை அவரே சொன்னார்: கடையில் மூன்று நாளில் வாங்கக்கூடியது என்றால் பழையதை வைப்பதில்லை. வாங்க முடியாதது என்றால் நல்லதில் இரண்டு.

பெயர் ஒட்டிய லாச்சிகளில் பன்னிரண்டைக் கழற்றிவிட்டோம். பெடியன்கள் சொன்னார்கள், எழும்பிப் போய்த் திறப்பதே வீண் என்று. ஸ்பானர் எட்டு, பத்து, பன்னிரண்டு மூன்றும் ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தேன். இத்தனை நாளும் ஆறு பேருக்கு ஒரு செட் வைத்துவிட்டுத்தான் ஒழுங்கில்லை என்று ஏசியிருக்கிறேன். பைக்குள் இருந்தவை ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. நான் கேட்கவில்லை.

வெள்ளைத் தட்டு ஒன்பது வாங்கினோம். கழற்றும் மேசைக்குக் கீழே தரைக்கும் வெள்ளைப் பெயின்ட், அதைப் பூசியது பெடியன்கள். என்னுடைய மேசையையும் அவர்களை வைத்தே ஒழுங்குபடுத்தினேன். பில் கொப்பிக்கு அடியில் இருந்து நான் ஒரு மாதமாகத் தேடிய இரண்டு கஸ்கட் வந்தது. அதை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் காட்டினேன்.

வாசகன் அண்ணை, ஐந்து மணிக்கு எல்லா நாளும் முடியவில்லை. இந்தப் பன்னிரண்டு வேலை நாளில் ஏழு நாள் முடிந்தது. முடியாத ஐந்து நாளும் ஏன் என்று சுவர்ப் பலகையில் எழுதியிருக்கிறோம். மூன்று நாள் ஒரே காரணம், மதியத்துக்குப் பிறகு வந்த மோட்டரை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை எழுதியது பெரியண்ணை. "முதலாளி இல்லை என்று சொல்லவில்லை" என்று அவர் கையெழுத்திலேயே கிடக்கிறது. அதை அழிக்காமல் விட்டிருக்கிறேன், இரண்டு மணிக்குப் பிறகு வருவதற்கு என்ன செய்வது என்று நாளைக்கு எல்லோரும் இருந்து பேசப்போகிறோம்.

ஒரு கேள்வி மிச்சம். நவம்பரில் மாரி தொடங்கினால் கராஜுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். திருத்த வந்த மோட்டர்களை நிலத்தில் இருந்து தூக்கி வைக்கத் தாங்கி வேண்டும். இரும்பில் அடித்தால் உப்புக்காற்றில் இரண்டு வருடம் தாங்காது. யாராவது வேறு வழி செய்திருக்கிறீர்களா?

கிண்ணியா நானா | ஞாயிறு, இரவு 9.10

மரத்தில் செய் தம்பி. பழைய தண்டவாளக் கட்டை இரண்டு என்னிடம் கிடக்கிறது, உப்புக்கும் தண்ணிக்கும் அசையாது. ஒரு முழத்துக்கு மேல்தான், அதனால் எங்கள் சட்டப்படி இன்னும் எறியவில்லை. உயரம் எவ்வளவு வேண்டும் என்று உன் பெரியண்ணையிடம் கேட்டு அளந்துகொண்டு வா. குனிந்து தூக்குவது அவர்தானே. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பட்டறையில் இருப்பேன்.

கொட்பே மோட்டர் | ஞாயிறு, இரவு 9.18

சரி நானா, அவரையே கூட்டிக்கொண்டு வருகிறேன்.